துரைமார் தந்த தானம்

சென்ற வாரம் மாலை நேரத்து மின்சார ரயில், வழக்கம்போல் தாம்பரத்துக்கு வெளியே சிக்னலுக்காக நின்றுவிட, எதிர் ஆசனத்தில் இருந்த ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர் ஒருவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "என்ன சொல்லுங்க சார், வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான்; அவன் ரயில் விடலேன்னா நாம இன்னும் மாட்டுவண்டியிலதான் போயிட்டிருப்போம்" என்று பிரகடனம் செய்தார். பெட்டியில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். என்னால் சகிக்க முடியாதது அந்தத் தலையாட்டல்தான்.

ரயிலை வெள்ளைக்காரன் கொண்டுவந்தான் என்பதை யார் மறுத்தார்கள்? தானமாகத் தந்தான் என்பதுதான் புளுகு. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்கு வண்டி ஓடத் தொடங்கிய காலத்தில், லாபம் வந்தாலும் வராவிட்டாலும் லண்டன் பங்குதாரர்களுக்கு ஏறத்தாழ 5 சதவீதம் வட்டி கிடைத்தே தீரும் என்று உத்தரவாதம் இருந்தது. குறைந்த தொகையை இட்டு நிரப்பியது நம் குடியானவன் கட்டிய வரிப்பணம். இதற்குத் தர்மம் என்று நாமகரணம் சூட்ட நம்மவர்களுக்கு மட்டுமே மனம் வரும். அந்த ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, 1876 முதல் 1878 வரை, இதே சென்னை ராஜதானியில் லட்சக்கணக்கான ஜனங்கள் பட்டினியால் மாண்டார்கள் என்பதையும் தலையாட்டிகள் ஞாபகத்தில் வைப்பது நலம்.

போகட்டும், மாட்டுவண்டிக்கு வருவோம். 1906இல் தூத்துக்குடி வக்கீல் ஒருவர், பங்கொன்று 25 ரூபாய் வீதம் 10 லட்ச ரூபாய் மூலதனத்துக்குச் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்து, காலியா, லாவோ என்னும் இரண்டு கப்பல்களைத் தருவித்து, கொழும்புக்கு ஓட்டியும் காட்டியபோது, நமக்குப் போக்குவரத்து கற்பிக்கவே அவதாரம் செய்த மகானுபாவர்கள் ஆனந்தக் கண்ணீர் அல்லவா வடித்திருக்க வேண்டும்? வெள்ளைக் கப்பல் கம்பெனி கட்டணத்தை வெட்டியது. இலவசமாகவே ஏற்றிச் சென்று, கையில் ஒரு குடையையும் இனாமாகக் கொடுத்தது என்பார்கள். கம்பெனியால் முடியாததைச் சர்க்கார் முடித்தது: 1908இல் ராஜத்துரோகக் குற்றம் சாட்டி, அந்த வக்கீல் சிதம்பரம் பிள்ளைக்கு 40 ஆண்டு தீவாந்தர தண்டனை விதித்து, அப்பீலில் அது குறைந்தபோதிலும் கோயமுத்தூர்ச் சிறையில் செக்கிழுக்க வைத்தது. மாட்டுவண்டியை விட்டுக் கப்பலேறத் துணிந்த மனிதனை, மாட்டுக்குப் பதிலாகச் செக்கிலே பூட்டிய புண்ணியவான்கள்தாம் நம்மை மாட்டுவண்டியிலிருந்து இறக்கிவிட்டவர்களாம்!

இந்தக் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலின் யோக்கியதையும் அறிந்ததுதான். 1931இல் அதை ஓடவிட்ட சவுத் இந்தியன் ரயில்வே கம்பெனியில், அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஆட்குறைப்பை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்குத் துணைநின்ற தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலருக்குக் கிடைத்த சன்மானம் 10 ஆண்டுக் கடுங்காவல். வண்டிக்கு வேர்வை சிந்தியவன் பெயர் எந்த ஸ்டேஷன் பலகையிலும் இல்லை. துரைமார் புகழ் மட்டும் பிளாட்பாரம்தோறும் கமழ்கிறது.

இதே கூட்டம்தான், 2015 டிசம்பரில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, "அவன் ஆண்டிருந்தா இப்படி ஆகுமா?" என்று பெருமூச்செறிந்தது. சேலையூர், செம்பாக்கம், பீர்க்கன்கரணை ஏரிகளுக்குக் கரை போட்டது எந்தத் துரை? ஊர் கூடி மடையும் கலங்கும் பேணிய குடிமராமத்து, கிஸ்தி வசூலிப்பதொன்றையே ஆட்சியென்று நினைத்த அவர்கள் காலத்தில்தான் குலைந்தது. மிச்சத்தை நாம் மனை போட்டு விற்றோம். அந்த மனையை வாங்கி, கால்வாய் மேல் வாசற்படியும் கட்டிக்கொண்டு, முழங்கால் நீரில் நின்றபடி விக்டோரியா மகாராணியை நினைத்து உருகுகிற பக்தர்களை நானே பார்த்திருக்கிறேன். சிட்லப்பாக்கத்தில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள், வரட்டும்.

வருவோர், வரும்போதே அந்த இரண்டு கப்பல்களுக்கும் ஒரு பதிலைக் கொண்டுவரட்டும். 1911இல் சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டபோது சிதம்பரம் பிள்ளை இன்னும் சிறையில்தான் இருந்தார்.