'நீர் புகுந்தது' என்பது விடையன்று

கடந்த மழைக்காலத்தில் என் மோட்டார் சைக்கிள் மூன்று முறை நடுச்சாலையில் நின்றது. வாங்கி எட்டு மாதங்களே ஆகியிருந்தன. தார்நாகாவிலிருந்து கச்சிபௌலிக்குச் செல்லும் வழியில், தேங்கிய வெள்ளத்தில் இறக்காமல் பெய்யும் மழையில் மட்டும் ஓட்டியபோதே எஞ்சின் திணறி அடங்கியது. மறுநாள் வெயிலில் ஒன்றுமே நடவாததுபோல் கிளம்பியது. முதல் இரு முறையும் சர்வீஸ் சென்டரில் 'குறை ஏதும் காணப்படவில்லை' என்று ஜாப் கார்டில் எழுதினார்கள். மூன்றாம் முறை, 'நீர் புகுந்துள்ளது, வாடிக்கையாளரின் கவனக்குறைவு, வாரண்டியில் அடங்காது' என்று எழுதினார்கள். குறையே இல்லாதிருந்த வண்டி, ஒரே மாதத்தில் என் குற்றமாகிவிட்டது.

நண்பர்களே, இதை ஒரு தனிமனிதக் குறையாக எழுதவில்லை. கருத்தரங்கில் ஒருவர் சான்றின்றி ஒரு முடிவைச் சொன்னால் எழுந்து நின்று கேள்வி கேட்கும் நாம், சர்வீஸ் சென்டரின் மேசைக்கு முன் ஏன் தலையாட்டிவிட்டுப் பணம் செலுத்துகிறோம் என்பதே என் கேள்வி.

'நீர் புகுந்தது' என்னும் சொற்றொடர் ஒரு கண்டுபிடிப்பைப்போல் ஒலிக்கிறது. உண்மையில் அது குறைந்தது மூன்று வெவ்வேறு நிகழ்வுகளை மூடி மறைக்கும் போர்வை. முதலாவது, மின்சாரம் சார்ந்தது. ஸ்பார்க் பிளக் அமர்ந்திருக்கும் குழியில் மழைநீர் தேங்கினாலோ, அதன் மேலுள்ள ரப்பர் மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலோ, உயர் மின்னழுத்தம் பொறியாக மாறாமல் உலோகத்தின் வழியே கசிந்துவிடும். ஈரம் உலர்ந்ததும் தடயம் ஏதுமின்றி வண்டி சரியாகிவிடும். இரண்டாவது, எரிபொருள் சார்ந்தது. டேங்க் மூடியருகே உள்ள வடிகால் துளை அடைபட்டால் நீர் பெட்ரோலில் இறங்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஓரளவு நீரைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து அடியில் படியும். மூன்றாவதுதான் வெள்ளம் சார்ந்தது. காற்று புகும் வழியாக நீர் சிலிண்டருக்குள் சென்றால், காற்றைப்போல் அது அழுந்தாது. பிஸ்டன் மேலேற முயலும்போது கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

இம்மூன்றின் தடயங்களும் வேறு, பொறுப்பும் வேறு. மூன்றாவதில் ஏர் ஃபில்டர் நனைந்திருக்கும். பிளக்கைக் கழற்றினால் நீர் வெளிப்படும். இரண்டாவதில் டேங்கின் அடியிலிருந்து எடுத்த மாதிரியே பேசும். முதலாவதைக் கண்டறிய ஒரே வழி, ஓடும் எஞ்சின்மீது நீரைத் தெளித்துப் பார்ப்பது. காய்ந்த வண்டியைக் காய்ந்த கொட்டகையில் சோதித்துவிட்டுக் குறை இல்லை என்று எழுதுவது சோதனையே அன்று.

என் வண்டிக்கு இறுதியில் அச்சோதனை நடந்தது. நீர் எவ்வழியே புகுந்தது, அது எவ்வாறு கண்டறியப்பட்டது என்ற இரு கேள்விகளையும் எழுத்தில் கொடுத்து, எழுத்தில் விடை கேட்டேன். அங்கிருந்த மூத்த மெக்கானிக் ஒருவர் குழாயை எடுத்துவந்து பிளக் பகுதியில் நீரைத் தெளித்தார். அரை நிமிடத்தில் எஞ்சின் திணறியது. மூடியின் ரப்பர் விளிம்பு வெடித்திருந்தது. சில நூறு ரூபாய் பாகம். வாரண்டியிலேயே மாற்றிக் கொடுத்தார்கள்.

எதிர்த்தரப்பு வாதத்திலும் நியாயம் உண்டு. மலக்பேட்டை ரயில்வே பாலத்தின் கீழ் இடுப்பளவு நீரில் வண்டியை இறக்கிவிட்டு, எஞ்சின் போயிற்று என்று உற்பத்தியாளரைக் குறை கூற முடியாது. 2020 அக்டோபர் 13 இரவில் இந்நகரம் கண்டதுபோன்ற வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கு வழி காப்பீடே அன்றி வாரண்டி அன்று. அத்தகைய வண்டியில் ஸ்டார்ட்டரை அழுத்தவே கூடாது. அழுத்தியதால் விளைந்த சேதம் என்று காப்பீட்டாளரும் கைவிரிக்கக்கூடும். ஆனால் மழை வேறு, மூழ்குதல் வேறு. மின் உறைகளுக்கான பன்னாட்டுத் தரமான ஐஇசி 60529கூட நீர்த்தெளிப்பையும் நீரில் அமிழ்தலையும் தனித்தனிப் படிநிலைகளாகவே வகுக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவமழை பெய்யும் நாட்டில் விற்கப்படும் வண்டிக்கு மழை ஒரு விபத்தன்று. அது இயல்பான பயன்பாட்டுச் சூழல்.

சட்டம் என்ன சொல்கிறது? 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், ஒப்பந்தத்தின்படியோ விற்பவர் கூறியபடியோ இருக்கவேண்டிய தரத்தில் நேரும் எக்குறைபாடும் 'குறை' என்றே வரையறுக்கப்படுகிறது. உரிய சோதனையை அடிப்படையாகக் கொள்ளாத வாரண்டியை மக்களுக்கு அளிப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை; சோதித்தோம் என்று வாதிடுபவரே அதை நிறுவவேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. ஆயினும் மிகை நம்பிக்கை வேண்டாம். குறை உண்டு என்று காட்டும் சுமை பொதுவாக முறையீட்டாளர் மீதே விழுகிறது. மாருதி உத்யோக் எதிர் சுசீல் குமார் கப்கோத்ரா வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம், வாரண்டி தரும் உரிமை பழுதான பாகத்தைச் சீர்செய்வதோ மாற்றுவதோதான், முழு வண்டியையும் மாற்றுவதன்று என்று வரையறுத்தது. ஆகவே 'புதிய வண்டி கொடு' என்ற கோபத்தைவிட, 'இந்தப் பாகம், இந்தச் சோதனை, இந்த முடிவு' என்ற துல்லியமே பயன் தரும்.

இங்கேதான் ஏற்றத்தாழ்வு வெளிப்படுகிறது. எனக்குக் கேள்வி கேட்க நேரமும் மொழியும் இருந்தன. அதே மழையில் உணவுப் பொட்டலம் சுமந்து செல்லும் இளைஞருக்கு ஒரு நாள் வண்டி நின்றால் அன்றைய கூலி போயிற்று. வணிகப் பயன்பாடு என்று சொல்லி அவரை எளிதில் திருப்பி அனுப்பலாம். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டுமே வாங்கிய பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோரே என்று சட்டம் தெளிவாகச் சொல்வது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்புக் குறைவு.

செய்யவேண்டியவை எளியவை. வண்டி நின்ற இடத்திலேயே ஓடோமீட்டரும் சாலையும் தெரியக் காணொளி எடுங்கள். ஜாப் கார்டில் உங்கள் சொற்களில் 'மழையில் ஓடும்போது நிற்கிறது' என்று எழுதச் செய்து, நகலைப் பெறுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பிறகு உற்பத்தியாளருக்கு மின்னஞ்சல். அதன்பின் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். கடைசியாக, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. காலவரம்பு 2 ஆண்டுகள்.

ஆனால் நம் போன்றோருக்கு இதைவிடப் பெரிய கடமை ஒன்று உண்டு. குறையைச் சோதனையின்றி அறியமுடியாதபோது ஆணையம் பொருளை உரிய ஆய்வகத்திற்கு அனுப்பலாம். அதற்கான கட்டணத்தை முறையீட்டாளரே முன்கூட்டிச் செலுத்த நேரலாம். சில நூறு ரூபாய் மூடிக்காக எவர் அவ்வளவு தூரம் போவார்? இந்நகரில் பொறியியல் துறைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றுள் ஒன்று அரசின் ஏற்பு பெற்று, குறைந்த கட்டணத்தில் இருசக்கர வண்டிகளை நீர் தெளித்துச் சோதித்து, கையொப்பமிட்ட ஒரு பக்க அறிக்கை தந்தால் போதும். அதற்குத் தேவை ஒரு குழாய், சில கருவிகள், ஒரு ஆசிரியர், நான்கு மாணவர்கள். அந்த ஒரு பக்கம் கையில் இருக்குமானால், 'நீர் புகுந்தது' என்று எழுதும் பேனா அடுத்த முறை ஒரு கணம் தயங்கும்.