மழைக்கால மிளகாய்க்குத் தீவு நாட்டு வழி

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மிளகாய்ப் பழம் கையில் வைத்திருப்பவன் படும் பாட்டை எழுதி மாளாது. செடியில் விட்டால் மழையில் அழுகும். பறித்து மாடியில் பரப்பினால் வெயில் இல்லை. வீட்டுக்குள் பாயில் கொட்டி மின்விசிறியைப் போட்டால் மூன்றாம் நாள் காம்பில் வெள்ளைப் பூசணம் பூக்கும். சடையங்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடித் தொட்டிகளில் காய்த்த இரண்டு கிலோ பழத்தை ஒரு மழைக்காலத்தில் நான் இப்படித்தான் பறிகொடுத்தேன். இரண்டு கிலோதானே என்று சொல்லலாம். ஏக்கர் கணக்கில் பயிரிட்டவருக்கு அதுவே மூட்டை மூட்டையாக நட்டம்.

இதற்கு நாம் கண்டிருக்கும் ஒரே பரிகாரம் வந்த விலைக்குத் தள்ளிவிடுவது. காயவைக்கத்தான் வேண்டும் என்று நாம் கட்டிக்கொண்டிருக்கும் பிடிவாதமே இந்த நட்டத்திற்கு முதல் காரணம் என்பது என் கருத்து. ஆண்டு முழுதும் மழையும் கடற்காற்றுமாக வாழும் தீவு மக்கள் அந்தப் பிடிவாதத்தை வைத்துக்கொள்ளவில்லை. பழத்தைப் பச்சையாகவே உப்பிலும் புளிப்பிலும் போட்டுக் குழம்பாக்கிப் புட்டியில் அடைத்தார்கள். இன்று ‘ஹாட் சாஸ்’ என்று கடைகளில் விற்பது அதுதான்.

மிளகாயே தீவு வழி வந்ததுதான்

கொலம்பஸ் 1492-ல் கரை இறங்கிய கரீபியன் தீவுகளில்தான் ஐரோப்பியர் மிளகாயை முதலில் கண்டனர். அடுத்த நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் அதை நம் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். நமக்கு நல்ல வெயில் இருந்தது. மெல்லிய தோல் மிளகாயைத் தேர்ந்து, வற்றலாக்கி, தூளாக்கினோம். கரீபியன் மக்கள் விரும்பிய ‘ஸ்காட்ச் பானெட்’ சதைப்பற்றுள்ளது. ஈரக்காற்றில் எளிதில் காயாது. ஆகவே அவர்கள் சாறு வழியில் போனார்கள்.

ஒவ்வொரு தீவும் தன் மண்ணில் கிடைப்பதைச் சேர்த்துக்கொண்டது. பார்படோசில் கடுகும் மஞ்சளும் சேர்த்து மஞ்சள் நிறச் சாறு செய்கிறார்கள். போர்ட்டோ ரிக்கோவில் முழு மிளகாயை வினிகரில் ஊறவிட்டு, அந்த வினிகரை மட்டும் சோற்றின் மேல் தெளித்துக்கொள்கிறார்கள். பிலிப்பைன்சில் தென்னங்கள்ளைப் புளிக்கவைத்த காடியில் சிறு மிளகாயைப் போடுகிறார்கள். இந்தோனேசியாவில் மிளகாயோடு இறால் விழுதை இடித்துச் சம்பல் செய்கிறார்கள். மாலத்தீவில் ‘கித்தெயோ மிருஸ்’ என்ற குண்டு மிளகாயைச் சூரைமீன், தேங்காய், வெங்காயம், எலுமிச்சையோடு பிசைந்து காலையில் ரொட்டியுடன் உண்கிறார்கள். இலங்கையின் கட்டச் சம்பலைப் பற்றி நமக்குச் சொல்லவே வேண்டியதில்லை. கடுகு, மஞ்சள், கள், இறால், தேங்காய் என்று இந்தப் பட்டியலில் வருபவை எல்லாம் நம் அடுக்களைக்கும் தெரிந்தவைதாமே?

நம் சென்னைத் துறையிலிருந்து கூலி வேலைக்குக் கப்பலேறியவர்களின் வழிவந்தோர் மொரீசியசிலும் பிஜியிலும் இந்தச் சுவையோடு தலைமுறைகளாக வாழ்கிறார்கள். பிஜியில் ‘போங்கோ’ என்ற காரமான மிளகாய் ஏற்றுமதிப் பயிராகவே வளர்ந்திருக்கிறது. துறைமுகத்தின் நிழலில் வாழும் நாம் அவர்களிடமிருந்து இதைக் கற்றுக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

எந்த மிளகாய்?

ஸ்காட்ச் பானெட் விதையைத் தேடி அலையவேண்டாம். நம் கொல்லைகளில் பறவை போட்ட விதையில் தானே முளைக்கும் ஊசி மிளகாய், அதாவது காந்தாரி, இதற்குப் போதும். மிளகாயின் உறைப்பை அளக்க ஸ்கோவில் என்பவர் 1912-ல் ஒரு முறை வகுத்தார். அந்த அளவில் ஊசி மிளகாய் 50,000 முதல் 1 லட்சம் வரை போகும். ஸ்காட்ச் பானெட் 1 லட்சத்திலிருந்து 3.5 லட்சம் வரை. ஊசி மிளகாயின் உறைப்பே தாங்காது என்பவர்கள் அதில் கால் பங்கும், சாதாரணச் சிவப்புப் பழம் முக்கால் பங்கும் சேர்க்கலாம்.

ஊசி மிளகாய்ச் செடி இரண்டு மூன்று ஆண்டுகள் நின்று காய்க்கும். எங்கள் பகுதி வாசகர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்திலும் சுற்றுக் குடியிருப்புகளிலும் பரவியதை நாம் மறக்கவில்லை. அப்படி எண்ணெய் படிந்த தரையில் உண்ணும் செடி எதையும் நடாதீர்கள். வெள்ளம் ஏறாத இடத்துச் செம்மண், தென்னை நார்க்கழிவு, மக்கிய தொழு உரம் மூன்றையும் சம பங்கு கலந்து பையில் நிரப்பி, மாடியில் வையுங்கள். இலை சுருண்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளித்தால் இலைப்பேன் அடங்கும்.

செய்யும் முறை

எளிய முறை முதலில். கண்ணாடிப் புட்டியைக் கொதிநீரில் போட்டு எடுத்து, ஈரமின்றி உலர்த்துங்கள். பழுத்த மிளகாயைக் கழுவித் துடைத்து, ஒவ்வொன்றையும் கீறி, புட்டியில் முக்கால் அளவு நிரப்புங்கள். சிறிது உப்பும் பத்து மிளகும் போட்டு, மிளகாய் முழுதும் மூழ்கும்வரை கடையில் விற்கும் 5 சதவீத வினிகரை ஊற்றி மூடுங்கள். பதினைந்து நாளில் தெளிக்கும் சாறு தயார்.

இரண்டாவது, புளிக்கவைக்கும் முறை. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, 60 கிராம் கல் உப்பைக் கரையுங்கள். கீறிய மிளகாயைச் சாடியில் போட்டு, இந்த உப்புநீரை ஊற்றி, மேலே சுத்தமான தட்டும் கனமும் வைத்து, ஒன்றுகூட மேலே மிதக்காதபடி அழுத்துங்கள். தினமும் ஒருமுறை மூடியைத் தளர்த்திக் காற்றை வெளியே விடவேண்டும். இரண்டு வாரத்தில் தயிர் போன்ற புளிப்பு வாசனை வரும். பிறகு மிளகாயை வடித்து, கிலோவுக்குக் கால் லிட்டர் வினிகர் விட்டு அரைத்து, வடிகட்டி, ஒரு கொதி விட்டுச் சூட்டோடு புட்டியில் அடையுங்கள்.

இதில் அலட்சியம் கூடாத இடம் ஒன்று உண்டு. புளிப்பு குறைந்தால் நஞ்சு உண்டாக்கும் கிருமி வளர வாய்ப்புண்டு. அமிலத் தன்மையைக் காட்டும் தாளை முடிந்த சாற்றில் தோய்த்துப் பார்த்து, அது 4-க்குக் கீழே இருந்தால் மட்டும் சேமியுங்கள். கூடினால் இன்னும் வினிகர் சேருங்கள். பச்சை, கறுப்பு நிறத்தில் பூசணம் கண்டால் சாடியோடு கொட்டிவிடுங்கள். பச்சைப் பூண்டை எண்ணெயில் மூழ்கவைத்து வெளியில் சேமிக்கும் பழக்கமும் வேண்டாம். அரைக்கும்போது கையுறை அணியுங்கள். கொதிக்கும் பாத்திரத்தின் மேல் முகத்தை நீட்டாதீர்கள்.

சுவைக்கும் முறை

இது ஊற்றிக் குடிக்கும் குழம்பு அல்ல, சொட்டுக் கணக்கு. பழைய சோற்றுக்கு மூன்று சொட்டு விட்டுச் சிறிய வெங்காயத்தைக் கடித்துப் பாருங்கள். வேறு தொடுகறி கேட்கமாட்டீர்கள். வறுத்த நெத்திலிக்கும் சுட்ட மத்திக்கும் இது பொருத்தம். கீற்றாக நறுக்கிய மாங்காய், அன்னாசி மேல் இரண்டு சொட்டு விட்டால் இனிப்பும் உறைப்பும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். சாம்பாரில் மட்டும் விடவேண்டாம். புளியோடு வினிகர் சண்டை போடும். உறைப்பு மிஞ்சினால் தண்ணீர் குடித்துப் பயனில்லை. மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது. பாலோ தயிரோதான் அதை அடக்கும். வயிற்றுப் புண் உள்ளவர்களும் சிறு குழந்தைகளும் விலகியிருப்பது நல்லது.

விவசாயிக்கு என்ன லாபம்?

நூறு கிலோ பழத்தைக் காயவைத்தால் கிடைக்கும் வற்றல் ஏறக்குறைய 25 முதல் 35 கிலோதான். அதுவும் நல்ல வெயில் இருந்தால். சரியாகக் காயாத வற்றலில் வளரும் பூசணம் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அந்தச் சரக்கை வெளிநாட்டார் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சாறாக்கினால் பழத்தின் சதையும் நீரும் சேர்ந்தே விலைபோகும். வெயிலுக்குக் காத்திருக்க வேண்டியதும் இல்லை.

வற்றலை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. இராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் பெருமை வற்றலில்தான் இருக்கிறது. மார்கழி கழிந்து வெயில் வந்தபின் வரும் பழம் களத்துக்குப் போகட்டும். மழையில் மாட்டிக்கொண்ட பழம் சாடிக்குப் போகட்டும்.

இதைத் தனி விவசாயி செய்துவிட முடியாது. திருவள்ளூர் மாவட்டத்துக்குத் திரூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. ஊறுகாய், ஜாம் பயிற்சிகளைப் போல மிளகாய்ச் சாறுக்கும் ஒரு பயிற்சியை மழைக்கு முன்பே, ஆவணியில் வைத்தால் மகளிர் குழுக்கள் பயன்பெறும். புளிப்பு அளவைச் சோதித்துச் சான்று தரவும், உணவுப் பாதுகாப்புப் பதிவு பெற வழிகாட்டவும் வேண்டும். இவை இரண்டும் இல்லாமல் அக்கம்பக்கத்தில்கூட விற்காதீர்கள்.

எதில் செய்ததென்றே தெரியாத சிவப்புச் சாஸைத் தெருவோரத் தட்டில் நம் பிள்ளைகள் விரும்பி உண்கிறார்கள். அதே நேரத்தில் நாம் விளைத்த பழம் மழையில் அழுகிக் குப்பைக்குப் போகிறது. எண்ணூர், அத்திப்பட்டு உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு உப்பு புதிதல்ல, மிளகாயும் புதிதல்ல. வருகிற ஐப்பசிக்கு ஒரு கிலோ பழத்தை மட்டும் மாடிக்குக் கொண்டுபோகாமல் சாடியில் போட்டுப் பாருங்களேன்.