குழந்தைகள் கூடும் இடங்களில் கதைச் சித்திரங்கள்: எங்கள் நிலைப்பாடு

கிளியனூரிலும், திண்டிவனம் – புதுச்சேரி சாலையை ஒட்டிய சுற்றுக் கிராமங்களிலும், அங்கன்வாடிச் சுவர்களுக்கும் சிறுவர் பூங்காக்களுக்கும் எத்தகைய சித்திரங்கள் ஏற்றவை என்பது குறித்து, பெற்றோரும் ஆசிரியரும் ஓவியத் தொழிலாளரும் அங்கம் வகிக்கும் எங்கள் சபை ஆலோசித்துக் கண்ட முடிவைப் பொதுமக்கள் முன் வைக்கிறோம். இவ்விடங்களில் கதைச் சித்திரம் அவசியம் இருக்கவேண்டும். அது வெறும் உருவமாக நின்றுவிடாமல், பிள்ளைகள் வீட்டில் கேட்டுப் பழகிய கதையொன்றின் உயிரான கணத்தைக் காட்டுவதாக இருக்கவேண்டும் என்பதே எங்கள் அபிப்பிராயம்.

இது புதிய யோசனையன்று. மாமல்லபுரத்தில், ஏழாம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பிகள் செதுக்கிய பெரும்பாறையின் கீழ்ப்பகுதியில், யானைகளின் அருகே, பூனையொன்று பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களைத் தலைக்குமேல் உயர்த்தித் தவம் புரிய, அதைச் சுற்றி எலிகள் அச்சமின்றிக் கூடியிருக்கின்றன. மேலே தவம் செய்பவன் அர்ச்சுனனா பகீரதனா என்று அறிஞர்கள் வாதிடட்டும். பொய்த்தவசிப் பூனையின் கதை மகாபாரதத்தில் வருவதை அறியாத ஐந்து வயதுக் குழந்தையும், அந்தப் பூனையின் தோரணையையும் எலிகளின் நம்பிக்கையையும் கண்ட மாத்திரத்தில், அடுத்து என்ன ஆகும் என்று கேட்டுவிடும். அக்கேள்வியை எழுப்புவதே கதைச் சித்திரத்தின் பிரயோசனம்.

மிக்கி மௌஸையும் சோட்டா பீமையும் நாங்கள் வெறுக்கவில்லை. ஆயினும், சுவரில் கையசைத்துச் சிரித்தபடி நிற்கும் அவ்வுருவங்களைப் பார்த்து, பெயரைச் சொல்வதற்குமேல் குழந்தை செய்யக்கூடியது யாது? அதே சுவரில், கிணற்றுக்குள் எட்டிப்பார்த்து உறுமும் சிங்கத்தையும், நீரில் தெரியும் மற்றொரு சிங்கத்தையும், ஒதுங்கி நின்று காதை விறைத்துக் கவனிக்கும் முயலையும் தீட்டினால், பேச்சு வராத பிள்ளையும் விரலை வைத்துக் கதை சொல்லத் தொடங்கும். பயமூட்டும் காட்சிகளை விலக்கவேண்டும் என்போரின் அன்பை மதிக்கிறோம். அவர்கள் கருத்துக்கு உடன்படவில்லை. சிங்கம் பயங்கரமாக இல்லாவிடில் முயலின் புத்திக்கு என்ன மகிமை?

அங்கன்வாடிக்கு வரும் இரண்டு முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளின் கண் பெரும்பாலும் மூன்றடி உயரத்திலேயே இருக்கிறது. நம் சித்திரங்களோ, திறப்பு விழாவுக்கு வருவோரின் பார்வைக்கென்றே தீட்டியவைபோல் ஆறடிக்குமேல் இருக்கின்றன. இவை தாழ இறங்கிவரவேண்டும். இறங்கினால் பிள்ளைகள் சுவரைத் தடவுவார்கள், சுரண்டுவார்கள், அந்த விரலை வாயிலும் வைப்பார்கள். வண்ணத்தில் ஈயம் கலந்திருந்தால், அது குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வீட்டு வண்ணப்பூச்சுகளில் பத்து லட்சத்தில் 90 பங்குக்குமேல் ஈயம் கூடாது என்ற 2016ஆம் ஆண்டு விதிகள் 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளன. டப்பாவின்மேல் ஈய அளவு பற்றிய குறிப்பைப் பாராமல் ஒரு துளி வண்ணமும் வாங்கலாகாது.

பெயர்ப்பலகையும் சுவர் விளம்பரமும் எழுதிப் பிழைத்து, ஃபிளெக்ஸ் வந்தபின் தொழில் இழந்து நிற்கும் ஓவியர்களுக்கே இப்பணியைத் தரவேண்டும். பூங்காவில் வைக்கும் சுடுமண் உருவங்களை, ஐயனார் கோயில்களுக்கு மண்குதிரை வனையும் கைவினைஞர்களிடம் ஒப்படைக்கவேண்டும். எந்தக் கதை என்பதை அங்கன்வாடி ஆசிரியையும் ஊர்ப் பாட்டிமார்களும் கலந்து தீர்மானிக்கட்டும். சித்திரத்துக்குக் கீழே, தரையை ஒட்டி ஓரடி அகலத்துக்குக் கரும்பலகை வண்ணம் பூசி, அதைப் பிள்ளைகள் கிறுக்குவதற்கென்று விட்டுவிடுமாறு ஊராட்சியைக் கேட்டுக்கொள்கிறோம்.