குறட்டையும் பிரஷரும்: நைட் ஷிப்ட்காரரிடம் கேட்காத கேள்வி

குறட்டை விட்டுத் தூங்குகிறவரைப் பார்த்தால் நம்மூரில் பொறாமைதான் வரும். "கொடுத்து வச்ச மனுஷன், படுத்ததும் தூங்கிட்டாரு" என்பார்கள். மிஞ்சிப் போனால் கும்பகர்ணன் என்று ஒரு கேலி. அதை நோயின் அறிகுறி என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் அந்தக் குறட்டை நடுவில் சட்டென்று நின்று, பத்து இருபது விநாடி மூச்சே இல்லாமல், பிறகு தூக்கிவாரிப் போட்டது போல ஒரு பெருமூச்சோடு மறுபடி தொடங்கினால்? அதற்குப் பெயர்தான் ஸ்லீப் ஆப்னியா. இதற்கும் பிரஷர் மாத்திரைக்கும் உள்ள உறவு பலருக்கும் தெரியாது. தேர்வாய் கண்டிகை மாதிரி ராத்திரி பகல் பாராமல் ஓடும் தொழிற்பேட்டைகளில் அது தெரிந்தே ஆக வேண்டிய விஷயம்.

முதலில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்வது எல்லோருக்கும் உண்டு. சிலருக்கு மட்டும் நாக்கின் அடிப்பகுதியும் உள்நாக்கும் சரிந்து மூச்சு போகும் வழியையே அடைத்து விடுகின்றன. நெஞ்சு காற்றை இழுக்கப் போராடிக் கொண்டே இருக்கும், காற்று மட்டும் உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், கார்பன் டை ஆக்சைடு ஏறும். மூளை இதை உயிராபத்து என்று எடுத்துக் கொள்கிறது. தெருநாய் துரத்தும்போது வருமே ஒரு படபடப்பு, அதே படபடப்பு தூக்கத்திலேயே வருகிறது. அட்ரினலின் பாய்கிறது, ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, பிரஷர் எகிறுகிறது. ஒரு கணம் அரை விழிப்பு. தொண்டை திறக்கிறது, பெருமூச்சு, மறுபடி தூக்கம். காலையில் கேட்டால் ஆளுக்கு ஒன்றுமே நினைவிருக்காது!

இப்படி மணிக்கு 5 முறைக்கு மேல் நடந்தாலே நோய்க் கணக்கில் சேர்க்கிறார்கள். 15 என்றால் நடுத்தரம், 30 தாண்டினால் கடுமை. மணிக்கு 30 என்றால் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை மூச்சு அடைபடுகிறது. ஆரோக்கியமான ஒருவருக்கு ராத்திரியில் ரத்த அழுத்தம் 10 முதல் 20 சதவீதம் வரை இறங்கும். இதயத்துக்கும் ரத்தக் குழாய்களுக்கும் கிடைக்கிற ஒரே ஓய்வு அதுதான். ஆப்னியா உள்ளவருக்கு அந்த இறக்கம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ராத்திரி முழுக்க முறுக்கி விடப்பட்ட நரம்புகள் பகலிலும் முழுசாகத் தளர்வதில்லை. அதனால்தான் விழித்திருக்கும்போது கிளினிக்கில் பார்த்தாலும் 150, 160 என்று காட்டுகிறது.

"குண்டா இருக்கிறவங்களுக்கு ரெண்டுமே வரும், இதில் என்ன பெரிய சம்பந்தம்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 709 பேரை நான்கு வருடம் தொடர்ந்து கவனித்து, 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். உடல் எடை, வயது, குடி, புகை எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும், மணிக்கு 15 அல்லது அதற்கு மேல் மூச்சு தடைபடுகிறவர்களுக்கு உயர் ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு, எந்தத் தடையும் இல்லாதவர்களை விடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு இருந்தது. 2003ல் வந்த அமெரிக்க ரத்த அழுத்த வழிகாட்டி, கண்டறியக் கூடிய காரணங்களின் பட்டியலில் ஆப்னியாவையும் சேர்த்து விட்டது. மூன்று வகை மாத்திரை போட்டும் பிரஷர் அடங்காதவர்களிடம் இது இன்னும் அதிகம். பிரேசிலில் அப்படிப்பட்ட 125 பேரைச் சோதித்து 2011ல் வெளியிட்ட ஆய்வில் 64 சதவீதம் பேருக்கு ஆப்னியா இருந்தது. மாத்திரையை மாற்றி மாற்றி எழுதுவதற்குள் ஒரு தடவையாவது தூக்கத்தைப் பற்றிக் கேட்டிருக்கலாம் இல்லையா?

இப்போது தேர்வாய் கண்டிகைக்கு வருவோம். கும்மிடிப்பூண்டி வட்டத்தில் இருக்கும் இந்த சிப்காட்டில்தான் லாரி, பஸ் டயர் தயாரிக்கும் மிஷெலின் ஆலை இருக்கிறது. பக்கத்தில் கும்மிடிப்பூண்டியின் பழைய சிப்காட். இந்த வட்டாரத்தில் ஷிப்ட் வேலை என்பது சர்வ சாதாரணம். நைட் ஷிப்ட் முடித்து காலையில் படுக்கிறவருக்குத் தூக்கம் லேசில் வராது. வெயில், வண்டிச் சத்தம், அறையில் மற்றவர்களின் செல்போன். அதற்காக சிலர் ஒரு குவார்ட்டர் போட்டு விட்டுப் படுக்கிறார்கள். ஆப்னியா உள்ளவருக்கு இதை விட மோசமான வைத்தியம் கிடையாது. மது தொண்டைத் தசையை இன்னும் தளர வைக்கும், அடைப்பு இன்னும் நீளும். சில தூக்க மாத்திரைகளுக்கும் இதே குணம் உண்டு.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஆப்னியாவைக் கண்டுபிடிப்பது நோயாளி அல்ல, பக்கத்தில் படுத்திருப்பவர். "ராத்திரி உங்களுக்கு மூச்சு நின்னு போச்சுங்க, பயந்துட்டேன்" என்று சொல்ல மனைவி வேண்டும். தொழிற்பேட்டையில் வாடகை அறை எடுத்துத் தங்கியிருக்கும் தொழிலாளியின் மனைவி விழுப்புரத்திலோ பீகாரிலோ இருப்பார். அறையில் இருக்கும் நாலு பேரில் இரண்டு பேர் வேறு ஷிப்ட். மிச்சம் இருப்பவர்களுக்குக் குறட்டை ஒரு தொந்தரவு, அல்லது ஒரு ஜோக். ஆக, சாட்சியே இல்லாத நோயாகி விடுகிறது. பகலில் கண் சொருகினால் "நைட் ஷிப்ட் இல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று அவரே சமாதானம் சொல்லிக் கொள்வார்.

(2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி மும்பையில் இறந்தபோது மருத்துவர்கள் சொன்ன காரணம் இதே ஆப்னியாதான். செய்தி இரண்டு நாள் ஓடியது, பிறகு எல்லோரும் மறந்து போனார்கள்.)

தமிழ்நாட்டில் பிரஷரைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு மோசம் என்று சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கி வீட்டுக்கே மாத்திரை கொண்டு வந்து கொடுத்தார்கள். 2024ல் தொழிலாளரைத் தேடி மருத்துவம் என்று ஆலைகளுக்குள்ளேயே பரிசோதனை போனது. நல்ல விஷயம். கையில் பட்டை கட்டி எண்ணைக் குறிக்கும் அதே ஊழியர் கூடவே ஒன்றிரண்டு கேள்வி கேட்பதற்கு என்ன செலவாகும்? 2008ல் கனடாவில் உருவாக்கிய ஒரு கேள்வித்தாள் உலகம் முழுக்கப் புழங்குகிறது. மொத்தம் எட்டே எட்டு, எல்லாம் ஆம் அல்லது இல்லை. சத்தமாகக் குறட்டை உண்டா, பகலில் அசதியா, மூச்சு நின்றதை யாராவது பார்த்தார்களா, பிரஷர் இருக்கிறதா, பிறகு எடை, வயது, ஆணா, கழுத்துச் சுற்றளவு. 40 சென்டிமீட்டர் தாண்டிய கழுத்து ஒரு மதிப்பெண். தையல்காரர் டேப் போதும். மூன்று ஆம் வந்தாலே மேற்கொண்டு பார்க்க வேண்டும். ஒல்லியானவரை விட்டு விடவும் கூடாது. தாடை சிறிதாக உள்ள ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே இது வருகிறது.

அதன் பிறகுதான் செலவு. தூக்கப் பரிசோதனைக்குக் காசு, ஒரு நாள் சம்பளம் போகும். மூக்கில் மாட்டிக் காற்றை அழுத்தி அனுப்பும் சிபாப் மெஷின், ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் 1981ல் அறிமுகப்படுத்தியது, இன்றும் ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளத்தை விழுங்கி விடும். அதுவும் மாயமந்திரம் அல்ல. சராசரியாக இரண்டு மூன்று புள்ளிதான் பிரஷர் இறங்குகிறது, அடங்காத பிரஷர் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் பலன். 2,700 பேருக்கு மேல் சேர்ந்த ஒரு பெரிய ஆய்வு 2016ல் வந்தது. அதில் மாரடைப்பு, பக்கவாதம் குறையவில்லை. மெஷினை மாட்டியிருந்ததே ராத்திரிக்கு சராசரியாக மூன்றேகால் மணி நேரம்தான் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆகவே பிரஷர் மாத்திரையை நிறுத்தி விட்டு மெஷின் வாங்கு என்பதல்ல வாதம். எடையைக் குறைப்பது, குடியை விடுவது, மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பது என்று காசில்லாத வழிகளும் இருக்கின்றன. ஆனால் நோய் இருப்பது தெரிந்தால்தானே அவற்றைச் செய்ய முடியும்?

கேட்பதில் ஒரு ஆபத்தும் உண்டு. கிரேன் ஓட்டுகிறவரிடமோ டயர் ஏற்றிப் போகும் லாரி டிரைவரிடமோ "பகலில் தூக்கம் வருமா?" என்று மேனேஜர் முன்னால் கேட்டால் என்ன பதில் வரும்? "சேச்சே, வராதுங்க". ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்த ஒரு "ஆமாம்" வேலையையே பறிக்கலாம். அதனால் பதில் எழுதிய தாள் டாக்டரிடம் மட்டும் இருக்க வேண்டும், சிகிச்சை எடுத்தவருக்கு அதே வேலை திரும்பக் கிடைக்கும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் கேள்வித்தாளை மட்டும் ஆலைக்குள் அனுப்பினால் எல்லாக் கட்டத்திலும் "இல்லை" என்றே நிரம்பி வரும்.