பழைய வண்டி வாங்குமுன்

நம் பங்கைச் சேர்ந்த மீன் வியாபாரி ஒருவர், மனைவியின் நகைகளை அடகு வைத்த பணத்துடன் நம்மிடம் வந்தார். "சாமி, பழைய டாட்டா ஏஸ் ஒன்றும் தோஸ்து ஒன்றும் விலைக்கு வந்திருக்கின்றன, எதை வாங்கலாம்?" என்றார். குருமடத்தில் நமக்கு இறையியல் கற்பித்தார்களேயன்றி இயந்திரவியல் கற்பிக்கவில்லை. எனினும் காசிமேட்டில் விசாரித்தறிந்ததை எழுதுகிறோம்.

2005-இல் வந்த ஏஸ் இரண்டு சிலிண்டர் டீசல் வண்டி. முக்கால் டன் சுமைக்கானது. குறுகிய சந்துகளிலும் எளிதில் திரும்பும். 2011-இல் அசோக் லேலண்டு வெளியிட்ட தோஸ்து ஒன்றேகால் டன் தாங்கும். எண்ணூரில் வளர்ந்த நிறுவனமாதலால் நம்மவர்க்கு அதன்மீது தனிப் பாசம். பாசத்தை வைத்து வண்டி வாங்க முடியுமா?

மீன் ஏற்றிய வண்டிக்குப் பகை உப்பே. உருகிய ஐஸ் நீர் மீனின் உப்போடு கலந்து சேஸிஸ் மூட்டுகளில் தங்கி, இரும்பை அரித்துவிடும். மேலேயோ புது வர்ணம் பளபளக்கும்! ஆகவே பகல் வெளிச்சத்தில் வண்டிக்கடியில் படுத்துச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்றால் நலம். 'பொத்' என்றால் விலகுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே இயக்கச் சொல்லுங்கள். முன்பே சூடாக்கி வைத்திருந்தால் ஐயுறுவதில் தவறில்லை.

எட்டாண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வேண்டும். பதிவுப் புத்தகத்தில் கடன் கொடுத்தவர் பெயர் இருந்தால், அவரது தடையின்மைச் சான்றைக் காணாமல் முன்பணம் தராதீர்கள்.

நம் வியாபாரி நாள்தோறும் ஏற்றுவது அரை டன்னே. சிறிய வண்டி போதுமென்றோம். ஆனால் பல்லாண்டு மீன் சுமந்த அந்த வண்டி, சுத்தியலுக்குப் 'பொத்' என்றது. அடகுக்கு வட்டி ஏறுகிறது. அவரும் நாமும் வேறு வண்டி தேடிக்கொண்டிருக்கிறோம்.