ஊசிப் பெட்டியை ஒளித்து வைக்காதீர்கள்

மூட்டு நோய்ப் பிரிவுக்கு வரும் மூத்த தாய்மார்களுடன் துணைக்கு வரும் மகளோ மருமகளோ எங்களிடம் அடிக்கடி ஒரு கோரிக்கையை முன்வைப்பதுண்டு. "டாக்டர், இனிமேல் தைக்கக் கூடாது என்று நீங்களே சொல்லிவிடுங்கள். நாங்கள் சொன்னால் அம்மா கேட்பதில்லை." இது அன்பினால் எழும் கோரிக்கை. ஆயினும் அதனை அப்படியே ஏற்பது சரியன்று என்பது எங்கள் கருத்து.

தொடக்கம் முதலே இக்கருத்தைக் கொண்டிருந்தோம் என்று சொல்லிக்கொள்ள இயலாது. சில ஆண்டுகளுக்கு முன் முடக்குவாதத்திற்காக எங்களிடம் வந்த ஓர் அம்மையார், பழைய நூல்புடவைகளை மடித்து, அடுக்கடுக்காக வைத்துத் தைத்து, பேரப்பிள்ளைகளுக்கு விரிப்பும் போர்வையும் செய்து வந்தவர். விரல்கள் வீங்கியிருந்ததைக் கண்டு, "தையலை நிறுத்திவிடுங்கள்" என்று சொல்லி அனுப்பினோம். மூன்று மாதம் கழித்து அவர் வந்தபோது மருந்தால் வீக்கம் தணிந்திருந்தது. ஆனால் விரல்கள் முன்னினும் விறைத்திருந்தன. பிடியின் வலுவும் குறைந்திருந்தது. "நீங்கள் சொன்னபடி கையைச் சும்மாவே வைத்திருந்தேன்" என்றார். வீக்கம் தணிந்தபின் எப்போது, எவ்வாறு மீண்டும் தொடங்கலாம் என்பதையும் நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது எங்கள் பிழை.

கைவேலையைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகக் கொள்வது புதிய எண்ணமன்று. முதல் உலகப் போரில் காயமுற்ற பிரித்தானியப் படைவீரர்களுக்குப் பூத்தையல் கற்பிக்கப்பட்டது. நம் நாட்டிலும் காந்தியடிகளின் ஆதாரக் கல்வித் திட்டத்தில் சிறுவர் சிறுமியர் தக்களியில் நூல் நூற்றார்கள். அன்று பழகிய கைகள் சில இன்றும் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வருகின்றன. அக்கைகளுக்கு வேலையை மறுப்பதைவிட, வேலையை அவற்றிற்கேற்ப மாற்றித் தருவதே நல்லது.

முதலாவது, நேரம். மூட்டு சூடாகவும் சிவந்தும் வீங்கியும் இருக்கும் நாட்களில் ஊசியைத் தொட வேண்டாம். அப்போது ஓய்வே மருந்து. மற்ற நாட்களில், காலை விறைப்பு நீங்கிய பிறகு தொடங்கலாம். அதற்குமுன் பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் கைகளை வைத்திருப்பது உதவும். நீரிழிவால் கையில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு, நீரின் சூட்டை வீட்டார் முதலில் பார்த்துத் தர வேண்டும். இருபது நிமிடத்திற்கு ஒருமுறை ஊசியை வைத்துவிட்டு, விரல்களை விரித்து மடக்கி, தோள்களைத் தளர்த்துங்கள். "இந்த வரிசை மட்டும் முடித்துவிடுகிறேன்" என்ற எண்ணமே பெரும்பாலான வலிக்குக் காரணம். ஆகவே கைப்பேசியில் மணி வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, பிடி. மெல்லிய ஊசியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இறுகப் பற்றுவதே மூட்டுக்கு மிகுந்த பளு. தடித்த துணியிலிருந்து ஊசியை இழுக்க, சிறு ரப்பர்த் துண்டு ஒன்றை, கிழிந்த பலூன் துண்டே போதும், விரல்களுக்கிடையில் வைத்துக்கொண்டால் குறைந்த விசையில் வேலை முடியும். கத்தரிக்கோலின் பிடியில் துணி சுற்றித் தடிப்பாக்கலாம். நூல் கோப்பதற்கென்று விற்கும் சிறு கம்பியைப் பயன்படுத்தலாம்.

மூன்றாவது, இருக்கையும் வெளிச்சமும். சாய்மானமுள்ள நாற்காலியில் அமர்ந்து, முழங்கை உயரத்தில் உள்ள மேசைமேல் துணியைப் பரப்புங்கள். போர்வையின் முழுப் பாரத்தையும் கை தாங்கக் கூடாது. சிறு சதுரங்களாகத் தைத்துக்கொண்டு, இறுதியில் இணைப்பது எளிது. வலக்கையால் தைப்பவர்களுக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வந்தால் கையின் நிழல் தையலில் விழாது.

நூற்பவர்களுக்கும் ஒரு சொல். பெட்டி ராட்டையைத் தரையில் வைத்துத்தான் நூற்க வேண்டும் என்பதில்லை. முழங்கால் வலியுள்ளவர்கள் தாழ்வான மேசையில் வைத்துக்கொள்ளலாம். தக்களியில் நூலை நீட்டும்போது கை தோளுக்கு மேல் உயராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் பஞ்சு கொட்டுவதைத் தவிர்த்து, ஆயத்தமான பஞ்சுத் திரிகளை வாங்கி, சன்னலைத் திறந்துவைத்து நூற்பது நலம்.

இனி, நாங்கள் மிகவும் அஞ்சுவதைச் சொல்ல வேண்டும். அது தைப்பவரின் கையைப் பற்றியதன்று. வீட்டிலுள்ள நீரிழிவு நோயாளியின் காலைப் பற்றியது. பாதத்தில் உணர்ச்சி குன்றியவர், தரையில் விழுந்த ஊசியை மிதித்தாலும் அறிவதில்லை. புண் சீழ்பிடித்து, பாதம் வீங்கிய பிறகே வீட்டார் கவனிக்கிறார்கள். வலி இல்லை என்பதால் காயமும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. இதற்காக ஊசியை ஒழிக்க வேண்டியதில்லை. ஊசிக்குக் கணக்கு வைத்தால் போதும். ஐந்து ஊசிகளோடு அமர்ந்தால் ஐந்தையும் எண்ணிவிட்டே எழுங்கள். குண்டூசிகளுக்கும் இதே கணக்கு. ஒன்று குறைந்தால் காந்தத்தால் தரையைத் தடவித் தேடுங்கள். ஊசியை வாயில் கவ்வும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் வீட்டிற்குள்ளும் செருப்பு அணியுங்கள். தையல் எந்திரத்தை மிதிக்கும்போதும் அதுவே விதி. ஒவ்வோர் இரவும் பாதத்தைப் பார்த்துவிட்டுப் படுங்கள். ஊசி குத்தி உள்ளே ஒடிந்துவிட்டால் தோண்டி எடுக்க முயலாமல் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். உலோக ஊசி எக்ஸ்ரேயில் தெரியும்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை இரவில் மரத்து உறக்கத்தைக் கலைத்தாலோ, மடக்கிய விரல் நீட்ட வராமல் சிக்கிக்கொண்டாலோ தையலை நிறுத்திவிட்டு எங்களிடம் காட்டுங்கள். அவற்றிற்குச் சிகிச்சை உண்டு. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர்கள் ஊசி குத்திய இடத்தைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். அதன்பின்னும் நிற்காவிட்டால் மருத்துவரை அணுகுங்கள்.

பராமரிப்போருக்கு எங்கள் வேண்டுகோள் எளியது. ஊசிப் பெட்டியை ஒளித்து வைக்காதீர்கள். காலையில் வேலைக்குப் புறப்படுமுன் ஐந்து ஊசிகளில் நூல் கோத்து வைத்துவிட்டுச் செல்லுங்கள். மாலையில் அவற்றை எண்ணி வாங்குங்கள். இரண்டு நிமிட வேலைதான். "என்னால் இன்னும் ஆகும்" என்ற எண்ணம் ஒருவருக்கு அதனால் நிலைக்குமாயின், அதுவும் சிகிச்சையே. அடுத்த முறை வரும்போது மருந்துச் சீட்டோடு, தைத்துக்கொண்டிருக்கும் துணியையும் எடுத்து வாருங்கள். கை எவ்வாறு இயங்குகிறது என்பதை அதை வைத்தே பார்ப்போம்.