தறியும் எழுத்தும்

கேரளத்தின் தென்கோடியில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்த ஊர் வெள்ளறடை. அவ்வூர் அடங்கிய நெய்யாற்றின்கரை வட்டத்திலேயே பாலராமபுரம் என்னும் நெசவூர் உள்ளது. 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மா மன்னர் காலத்தில், தென் தமிழகப் பகுதியிலிருந்து சாலியர் குடும்பங்கள் அங்குக் குடியேற்றப்பட்டன.

அவ்வூர்க் கைத்தறித் துணி புவிசார் குறியீடு பெற்றது. ஆயினும், விசைத்தறித் துணியும் கைத்தறி என்னும் பெயரால் விற்கப்படுவதுண்டு. விலை குறைவு என்பதால் பலரும் அதனையே நாடுகின்றனர்.

இந்நிலையில், நெசவாளர் வலைப்பூ எழுதுவதால் பயன் உண்டா? 'எழுதும் நேரத்தில் ஒரு முழம் நெய்யலாமே' என்பர் சிலர். நெய்த அளவிற்கே கூலி ஆதலின், அக்கூற்றைத் தள்ளிவிட இயலாது. எழுதிய மறுநாளே வணிகம் பெருகுவதும் இல்லை.

எனினும், விளம்பரம் 'வாங்குக' என்று மட்டுமே கூறும். எழுத்தோ ஏன் வாங்க வேண்டும் என்பதை விளக்கும். குழித்தறியில் அமர்ந்து, கையால் நாடாவை எறிந்து நெய்யும் உழைப்பை அறிந்தவர், விலை வேறுபாட்டின் காரணத்தையும் உணர்வர். துணியின் இருபுறமும் ஒன்றுபோல் விளங்கும் கரையைக் கண்டு வியப்பர்.

அதற்காகத் தறியை நிறுத்த வேண்டுவதில்லை. பெற்றோர் சொல்ல, எழுதக் கற்ற பிள்ளைகள் மாதம் ஒருமுறை எழுதினாலே போதும். பொய்யும் மிகையும் கலவாத எழுத்து, துணிக்கு உரிய விலையையும் நெய்தவருக்கு உரிய மதிப்பையும் தேடித் தரும்.